கொளஞ்சிநாதன் குணமடைந்தார்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாருக்காவது வெட்கம் வரும் என்றால் சொல்லியிருப்பேன். விருத்தாசலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். உள்ளே எட்டு ஃபேன். எட்டின் இறக்கையிலும் ‘உபயம்: பழமலைநாதன்’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஃபேன் சுற்றும்போது எழுத்து தெரியாது. அந்த வருஷங்களில் கரண்ட் போகாத நாளே கிடையாது என்பதால் அவர் பெயரை நாங்கள் நிறையவே படித்தோம். பழமலைநாதன் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்யும் கம்பெனி முதலாளி.

நான் அங்கே லேப் டெக்னீஷியன். பெயர் நீலாவதி. காசநோய்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை, வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் மனசு வைத்துப் புதுப்பித்தால் உண்டு. ஜனங்கள் டப்பாவில் துப்பிக் கொடுக்கும் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுத வேண்டும். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரிந்தால் காசநோய்க் கிருமி. தெரியாவிட்டால் இல்லை. அவ்வளவுதான். கிருமி பொய் சொல்லாது. அதற்கு எங்களிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

தில்லியில் எந்த மகராசனோ இரண்டு எண்களை எழுதி நாடு முழுக்க அனுப்பியிருந்தான். சளியில் கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரைக் குணமாக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் அவனே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டான். அவன் சொன்ன அளவுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் இருமவில்லை என்றால் அது எங்கள் தப்பு. 2007 ஏப்ரல் கூட்டத்தில் எங்கள் பகுதி நாற்பத்தொன்றில் நின்றது. மாவட்ட அதிகாரி மேசையைத் தட்டினார். எங்கள் சூப்பர்வைசர் பிரபாகரன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரபாகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டத்தில் கொடுத்த மோட்டார் பைக், பின்னால் ஃபைல் கட்டு, சட்டைப் பையில் நான்கு கலரில் பேனா. நோயாளியின் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்காது. நம்பர் சொன்னால் போதும், கார்டில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கூட்டம் முடிந்து வந்த அன்றிலிருந்து ஊரில் யார் இருமினாலும் அவன் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

டாக்டர் பாலகிருஷ்ணன் பத்தரைக்கு வந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். சாயந்திரம் டவுனில் சொந்த கிளினிக். அங்கே பேசுகிற பேச்சைப் பார்த்தால் தங்கமான மனுஷன் என்பீர்கள். இங்கே, வருகிறவனை நிமிர்ந்து பார்க்கும் முன்பே சீட்டில் பாதி எழுதியிருப்பார்.

அந்த மே மாதம் கொளஞ்சிநாதன் வந்தான். முப்பத்தொன்பது வயசு. பழமலைநாதன் கம்பெனியில் மாவு ரூமில் வேலை. வெள்ளைக்கல்லை மில்லில் கொட்டி அரைத்து, மாவாக வருவதை அள்ளி மூட்டை பிடிக்க வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். சாயந்திரம் வேலை விடும்போது முதலாளி ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்த தூசி இறங்கிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. தொழிலாளர் நலனுக்கு அவர் செய்தது அது ஒன்றுதான். கொளஞ்சி பதினாறு வருஷம் அந்த வெல்லத்தைத் தின்றிருக்கிறான்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வாசல் வரை நடந்து வருவதற்குள் மூன்று தடவை நின்றான். கூட வந்த அவன் பெண்டாட்டி அமிர்தம் ஒவ்வொரு தடவையும் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் கிடையாது. இருமல் வறட்டு இருமல். டப்பா கொடுத்தேன். மூன்று தடவையும் தண்ணியாக எச்சில்தான் வந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் நூறு இடம் பார்க்க வேண்டும் என்பது விதி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு சிவப்புக் குச்சி இல்லை. நெகடிவ் என்று எழுதினேன்.

டாக்டர் டவுனில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் ரவை சிதறினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். சார், இவன் மாவு ரூம் ஆள், இது கல்தூசியாக இருக்குமோ என்று கேட்டேன். டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், இறக்கினார். எக்ஸ்ரே படிக்க உனக்கு யார் சொன்னது, சளியை ஒழுங்காக வாங்கு என்றார். பிரபாகரன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். கைக்கு வந்த கேஸ் நழுவிப் போகிற வருத்தம் அவனுக்கு.

அந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டினேன்? அமிர்தத்திடம். எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வது, நல்ல சளியாக, கெட்டியாக, மஞ்சளாகக் கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று கத்தினேன். நிலையம் முழுக்கக் கேட்டது. அவள் டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்கள். எதிரில் வைத்து எடுத்த சளியில் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை வீட்டில் எடுத்துவரும் சளி என்று ஒன்று உண்டு. அந்த டப்பாவை அமிர்தம் இரண்டு கையாலும் நீட்டினாள். கெட்டியாக, மஞ்சளாக, நான் கேட்ட மாதிரியே இருந்தது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் கிருமி மொய்க்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து, இருபது. மூன்று பிளஸ், எங்கள் அளவில் அதுதான் உச்சம். முந்தின நாள் வரை ஒன்றுகூட இல்லாத நெஞ்சில் ஒரு ராத்திரிக்குள் இத்தனை எப்படி வந்தது? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. பதிவேட்டில் சிவப்பு மையில் மூன்று பிளஸ் என்று எழுதி டாக்டரிடம் கொடுத்தேன்.

பிரபாகரன் அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தான். ஒருத்தனுக்குக் காசநோய் வந்ததற்கு வடை தின்றவர்கள் நாங்கள். நானும் தின்றேன்.

கொளஞ்சி பெயர் எழுதிய மருந்துப் பெட்டி வந்தது. வாரம் மூன்று நாள் அங்கன்வாடி டீச்சர் தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைக்க வேண்டும் என்பது தில்லி உத்தரவு. அந்த டீச்சருக்கு நாற்பது பிள்ளைகள், ஓர் அடுப்பு. அவள் பெட்டியை அப்படியே அமிர்தத்திடம் கொடுத்துவிட்டு, கார்டில் ஆறு மாசத்துக்கும் டிக் போட்டு வைத்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தில்லிக்காரன் ஒருநாள் வந்து நாற்பது பிள்ளைக்குச் சோறு போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

காசநோய் என்று கேள்விப்பட்டதும் பழமலைநாதன், ஆறு மாசத்துக்குக் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று கொளஞ்சியை வெளியே நிறுத்திவிட்டார். அமிர்தம் களை எடுக்கப் போய்ச் சோறு போட்டாள். தூசி இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்ததில் கொளஞ்சிக்கு இருமல் கொஞ்சம் தணிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பிரபாகரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டாம் மாதச் சளியை அமிர்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். கிருமி போயிருந்தது. கார்டில் எடை மட்டும் நாற்பத்தேழிலிருந்து நாற்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. பிரபாகரன் நீலப் பேனாவை எடுத்து அதை நாற்பத்தொன்பது ஆக்கினான்.

நாலாம் மாதம் கொளஞ்சி இருமல் டானிக் கேட்டு வந்தபோது, ஒன்றுக்குச் சிவப்பாகப் போகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். இந்த மாத்திரையில் ஒன்று வயிற்றில் போனால் சிறுநீர் சிவந்துவிடும். மாத்திரை சாப்பிடுகிறானா என்று கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அவன் எப்பவும் போலத்தான் போகிறது என்றான். அமிர்தம் சட்டென்று தரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்பெனிக்குப் பின்னால் ஒரு சந்து, ஓட்டு வீடுகள். பக்கத்து வீட்டு வாசலில் கருப்பன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிச் சூளைக்குக் காவல்காரர். போன வருஷம் பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருமிக்கொண்டிருந்தவர், இப்போது கன்னம் சதை போட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அமிர்தத்தை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

“நீங்கதான மேடம் சொன்னீங்க, கெட்டியா மஞ்சளா கொண்டு வான்னு. இவருக்கு வரல. கருப்பன் மாமாவுக்கு டப்பா டப்பாவா வருது. ஒன்னு குடுங்கன்னு கேட்டன், குடுத்தாரு. கவருமெண்டு கேக்குது, வெறும் டப்பாவ நீட்டுனா மரியாதையா இருக்குமா?”

“மாத்திரைய என்ன பண்ண?”

“மொத மூணு நாளு இவருதான் சாப்ட்டாரு. கொடலே வெளிய வந்துடற மாதிரி வாந்தி. அப்பறம் யோசிச்சன். சளி யாருதோ மாத்திரையும் அவுங்களுதுதான மேடம். மாமாகிட்ட குடுத்துட்டன். அவுரு ஒரு வேள விடாம சாப்டுறாரு.”

கருப்பன் ஏன் நேராக வரவில்லை என்றால், காசநோய் என்று தெரிந்தால் காவல் வேலை போய்விடும். பெயரில்லாமல் மருந்து கிடைத்தது, சாப்பிட்டார், தேறிவிட்டார். இரண்டாம் மாதச் சளியும் அவருடையதுதான். தில்லியிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் இத்தனை அதிகாரிகள், ஜீப்புகள், கூட்டங்கள், பிஸ்கட் தட்டுகள். அத்தனைக்கும் நடுவில் சரியான ஆளுக்குச் சரியான மருந்தைக் கொடுத்தவள், ஐந்தாவது வரை படித்த இந்த அமிர்தம் ஒருத்திதான்.

கொளஞ்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் கிளம்பும்போது கையைக் காட்டி நிறுத்தினான். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான்.

“எனக்கு இருக்கறது டிபி இல்லன்னு எனக்கே தெரியும் மேடம். எனக்கு முன்னால அந்த ரூமுல இருந்த ரெண்டு பேரும் இப்பிடித்தான் போனாங்க. மறுபடி மாவு ரூமுக்குப் போனா நானும் போயிருவன். பேக்கிங்குல போட்டா பொழச்சிக்குவன். இது தூசின்னு ஒரு சீட்டு மட்டும் வாங்கிக் குடுங்க.”

ஒரு சீட்டு. நான்கு வரி, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அவன் கேட்டது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் கதவைச் சாத்தினார். அப்புறம் பாடம் எடுத்தார். கல்தூசி நோய் என்று எழுதினால் அது தொழில் நோய். தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், விசாரணை வரும், இவர் சாட்சி சொல்லக் கடலூருக்கு நடக்க வேண்டும். அதோடு மாதாந்திரப் படிவத்தில் அந்த நோய்க்குக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத நோயை எங்கே எழுதுவது என்று என்னையே கேட்டார். தலைக்கு மேலே பழமலைநாதனின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வேலையைப் பார் நீலாவதி என்றார்.

பிரபாகரனுக்கு விஷயம் போனபோது அவன் பதறவே இல்லை. பேனாவை எடுத்துக் காகிதத்தில் போட்டுக் காட்டினான். உண்மையைப் பதிவு செய்தால் கொளஞ்சி தப்பாகக் கண்டுபிடித்த கேஸ், ஒரு மைனஸ். கருப்பன் பதிவு செய்யாமல் மருந்து கொடுத்த கேஸ், இன்னொரு மைனஸ். இப்படியே விட்டால் ஒரு பிளஸ். ஒருத்தர் குணமாகிறார், அது யாராக இருந்தால் என்ன மேடம் என்றான். அப்போது மற்றவன் என்று கேட்டேன். அவன்தான் லிஸ்ட்டிலேயே இல்லையே என்று பல்லிளித்தான்.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு கொளஞ்சியைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். அங்கே நெஞ்சு டாக்டர் ஒருவர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை வருஷம் என்று கொளஞ்சியிடம் கேட்டார். இத்தனை மாசத்தில் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சீட்டில் எழுதினார்: கல்தூசியால் நுரையீரல் பாதிப்பு, தூசி வேலையை உடனே நிறுத்த வேண்டும். கொளஞ்சி அந்தச் சீட்டை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கையிலேயே வைத்திருந்தான். கடலூர் தாண்டியதும் எனக்கு டீ வாங்கித் தந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

சீட்டை டாக்டர் பாலகிருஷ்ணனிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். புதுச்சேரி வேறு அரசாங்கம், யூனியன் பிரதேசம், அவர்கள் சீட்டு நம் மாவட்டத்தில் செல்லாது என்றார். ஒரு மனுஷனின் நெஞ்சாங்கூடு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் வேறு நெஞ்சாங்கூடு ஆகிவிடுமா? வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒப்பந்த வேலைக்காரி எதை அடக்குவது, எதை விடுவது என்று பழகியிருந்தேன்.

பழமலைநாதனிடம் கொளஞ்சியே போனான். அமிர்தம் வந்து சொன்னாள். முதலாளி சீட்டை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தாராம். கோபப்படவில்லையாம். நம்ம கவருமெண்டு டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் பேக்கிங்குக்கு மாற்றுகிறேன் என்றாராம். போகும்போது ஓர் அச்சு வெல்லத்தையும் கையில் வைத்து அனுப்பினாராம்.

ஆறு மாசம் முடிந்தது. கடைசிச் சளி நெகடிவ். கருப்பனுடைய சளி சுத்தமாக இருந்தது. பிரபாகரன் கொளஞ்சி கார்டில் ‘குணமடைந்தார்’ என்று பச்சைப் பேனாவில் எழுதி, டாக்டரிடம் முத்திரையும் வாங்கினான். நான் இரண்டு மாசமாகக் கெஞ்சியும் கிடைக்காத முத்திரை அரை நிமிஷத்தில் விழுந்தது.

2008 மார்ச் இருபத்து நாலு, காசநோய் தினம். டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. அறுபத்தெட்டு சதவீதம் கண்டுபிடித்ததற்காக எங்கள் நிலையத்துக்குக் கேடயம். பழமலைநாதன் சிறப்பு விருந்தினர். குணமடைந்த நோயாளி ஒருவர் மேடையில் பேச வேண்டும் என்று மாவட்ட அதிகாரி சொல்லியிருந்தார். பிரபாகரன் கொளஞ்சிக்குப் புதுச் சட்டை போட்டு அழைத்து வந்தான். மேடைக்கு ஐந்து படி. கொளஞ்சி இரண்டாவது படியில் நின்றான், நாலாவது படியில் நின்றான். மேலே போய் மைக்கைப் பிடித்தபோது அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. பிரபாகரன் சொல்லிக் கொடுத்த வசனம் வேறு. அவன் பழமலைநாதன் பக்கம் திரும்பினான்.

“அய்யா… மாவு ரூமுக்கு மட்டும்…”

அதற்கு மேல் மூச்சு வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. தொகுத்து வழங்கிய அம்மாள் பாய்ந்து மைக்கை வாங்கினாள். நன்றியுணர்ச்சியில் இந்தச் சகோதரருக்கு நாத் தழுதழுக்கிறது என்றாள். மண்டபமே கைதட்டியது. மாவட்ட அதிகாரி எழுந்து நின்று தட்டினார். அடுத்துப் பேசிய பழமலைநாதன், காசநோய் வந்தவர்களை ஒதுக்கக் கூடாது, அரசாங்கமே குணமாகிவிட்டது என்று சான்று கொடுத்துவிட்டது, ஆகையால் அடுத்த திங்கட்கிழமை முதல் தம்பி கொளஞ்சிக்கு அதே இடத்தில் அதே வேலை என்று அறிவித்தார். அதற்கும் தட்டினார்கள்.

கொளஞ்சியால் படியில் இறங்க முடியவில்லை. கீழே கூட்டத்தில் நின்ற கருப்பன் மேலே ஏறி வந்தார். அவனைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஐந்து படியும் இறங்கினார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. அந்த மண்டபத்தில் எங்கள் மருந்தால் நிஜமாகக் குணமான ஒரே ஆள் அவர்தான். மாவட்ட அதிகாரிக்கு அந்தக் காட்சி பிடித்துப்போய், சமூகத் தொண்டர் என்று சொல்லி போட்டோ எடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் அது திட்டத்தின் பத்திரிகையில் வந்தது.

எனக்கும் ஒரு சின்னக் கேடயம், சிறந்த லேப் டெக்னீஷியன் என்று. என் கைப்பையில் புதுச்சேரிச் சீட்டு இருந்தது. கேடயத்தை வாங்கும்போதே அதை மாவட்ட அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் சிரித்த முகம் மாறாமல் மடித்து, பின்னால் நின்ற பிரபாகரனிடம் நீட்டினார். பிரபாகரன் அதை ஃபைலில் வைத்தான். அப்புறம் அந்தச் சீட்டை நான் பார்க்கவில்லை. கேடயத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். எறியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

திங்கட்கிழமை கொளஞ்சி மாவு ரூமுக்குப் போனான். ஆகஸ்டு மாதம் செத்தான். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். மாரடைப்புக்குப் படிவத்தில் கட்டம் உண்டு. பிரபாகரன் மறுநாள் என்னிடம் வந்து, பயப்படாதீங்க மேடம், முடிவு எழுதின பிறகு செத்தா நம்ம கணக்கில் வராது என்று ஆறுதல் சொன்னான். நிஜமாகவே ஆறுதல் சொல்வதாகத்தான் அவன் நினைத்தான். அவனை வெளியே போ என்று சொன்னேன். பேச்சை அடக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

காரியம் முடிந்து ஒரு மாசம் இருக்கும், அமிர்தம் லேப் வாசலில் வந்து நின்றாள். கையில் டப்பா. பழமலைநாதன் பெருந்தன்மையாக அவளுக்கு வேலை கொடுத்திருந்தார். மாவு ரூமில், மாவு சலிக்கிற வேலை. காசநோய் தினத்தில் பேசியதிலிருந்து அவருக்கு விழிப்புணர்வு வந்துவிட்டது. அரசாங்க லேபில் சளி நெகடிவ் என்று எழுதி வாங்கி வந்தால்தான் புது ஆளை அந்த ரூமுக்குள் விடுவாராம்.

டப்பாவை மேசை மேல் வைக்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். அன்றைக்கு டாக்டர் பாலகிருஷ்ணன் கதவைச் சாத்திய மாதிரியே. அமிர்தம், நான் பாசிடிவ் என்று எழுதித் தருகிறேன், உன்னை உள்ளே விடமாட்டான், களை எடுத்தாவது பிழைத்துக்கொள் என்றேன். பதினோரு வருஷ வேலையில் பொய் எழுத நானாக முன்வந்தது அன்றைக்குத்தான்.

அவள் டப்பாவை என் பக்கமாகத் தள்ளினாள். அழவில்லை.

“வேணாங்க்கா. மொத தடவ டப்பாவ மாத்திக் குடுத்தது நான். அந்தப் பொய்யாலதான் குணமாயிடுச்சின்னு எழுதுனாங்க, குணமாயிடுச்சின்னுதான் மறுபடி உள்ள தள்ளுனாங்க. இன்னொரு பொய்யி வேணாம். ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. இது என்னுதுதான், பாத்து எழுதுங்க.”

உன் பொய் இல்லை அமிர்தம், என்று சொல்ல வாயெடுத்தேன். யார் பொய் என்று அவளிடம் சொல்லத் தொடங்கினால் என் பெயரில்தான் தொடங்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணாடியில் தேய்த்தேன், சாயம் ஏற்றினேன், நூறு இடம் பார்த்தேன். நீலம், நீலம், நீலம். ஒரு குச்சி இல்லை. முப்பத்திரண்டு வயசுப் பெண்ணின் சுத்தமான நெஞ்சு. பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, நெகடிவ் என்று எழுதி, சீட்டில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் நானே குத்தினேன். அந்தப் பதிவேட்டில் அதைவிட உண்மையான வரி வேறு கிடையாது.

அமிர்தம் சீட்டை நாலாக மடித்து பர்ஸில் வைத்தாள். போயிட்டு வரேங்க்கா என்றவள் கதவருகே நின்று திரும்பினாள்.

“தெனம் ஒரு அச்சு வெல்லம் குடுப்பாங்களாம். நான் தின்ன மாட்டன். பொண்ணுங்களுக்கு ஆவும்.”

அவள் பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கேயும் நிற்காமல் நடந்து போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.